இரண்டு பாதியாக நிற்கும் பாஸ்டன்: பழுதான ரயிலை எந்த வழியில் அனுப்புவது?

அமெரிக்காவின் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி. வளாகத்தின் பின்புறம், மாசசூசெட்ஸ் அவென்யூவின் குறுக்கே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போகிறது. பக்கத்தில் ஸ்டேஷன் எதுவும் இல்லை. ஆனால் எப்போதாவது விளக்கு மின்ன, கார்கள் ஒதுங்கி நிற்க, ஊதாப் பட்டை போட்ட புறநகர் ரயில் ஒன்று மெல்ல ஊர்ந்து சாலையைக் கடக்கும். எல்லாப் பெட்டியும் காலி. அதே ஊதா ரயிலில் ஃப்ராமிங்ஹாமிலிருந்து வேலைக்கு வந்துபோகிற எனக்கு, முதல்முறை பார்த்தபோது வழிதவறி வந்துவிட்ட வண்டியோ என்றுதான் தோன்றியது. விசாரித்த பிறகுதான் புரிந்தது: அது வைத்தியத்துக்குப் போகிற வண்டி. நகரின் தென்பாதியில் ஓடுகிற ரேக்குகள் (எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்த முழு வண்டிகள்) வடபாதியில் இருக்கும் பெரிய பணிமனைக்குப் போய்ச்சேர ஊருக்குள் இருப்பது இந்த ஒரு தடம்தான்.

இந்த ஒன்றையே நம்பிக் காலம் தள்ளலாமா, வேறு வழி தேடலாமா என்ற பேச்சு பாஸ்டனில் நெடுநாளாக ஓடுகிறது. இரு பாதியையும் இணைக்க நகரின் அடியில் சுரங்கம் தோண்டு என்கிறவர்கள் உண்டு. இருக்கிற தடத்தைச் சீர்செய் என்கிறவர்கள் உண்டு. தெற்கிலேயே ஒரு பணிமனை கட்டிவிட்டால் போதும் என்கிறவர்களும் உண்டு. தினமும் அந்த ரயிலை நம்பி வீடு திரும்புகிறவன் என்ற முறையில் இவற்றை நான் கொஞ்சம் ஆழமாகவே பார்த்துவைத்திருக்கிறேன்.

ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கிறது

பாஸ்டனில் இரண்டு பெரிய முனையங்கள்: நார்த் ஸ்டேஷன், சவுத் ஸ்டேஷன். நடுவே 2 கிலோமீட்டர்கூட இராது. நடந்தே போய்விடலாம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகத் தண்டவாளம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு தனியார் கம்பெனியும் தன் பாதையைத் தானே போட்டு, நகர விளிம்பில் தன் முனையத்தைத் தானே கட்டிக்கொண்டது. வடக்கே பாஸ்டன் அண்ட் மெய்ன் கம்பெனி. தெற்கே நியூ ஹேவன் கம்பெனியும் பாஸ்டன் அண்ட் ஆல்பனி கம்பெனியும். 1899-இல் சவுத் ஸ்டேஷன் திறந்தபோது தென்புறக் கம்பெனிகள் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. வடக்கும் தெற்கும் மட்டும் சேரவே இல்லை.

இடையில் ஒரு காலத்தில் தொடர்பு இருந்தது என்பது இன்று பலருக்குத் தெரியாது. 1872 முதல் 1970 வரை யூனியன் ஃப்ரெய்ட் ரயில்வே என்று ஒரு சரக்குப் பாதை, துறைமுகத்தை ஒட்டிய அட்லாண்டிக் அவென்யூவில் சாலைமேலேயே போடப்பட்டு இரு பக்கத்தையும் இணைத்தது. பயணிகளுக்காக 1901-இல் அதே அவென்யூவின் மேலே ஓர் உயர்பாதையும் வந்தது. 1919-இல் சர்க்கரைப்பாகுத் தொட்டி வெடித்துத் தெருவில் வெள்ளமாக ஓடிய அந்தப் பெயர்பெற்ற விபத்தில் அடிபட்டதும் அந்த உயர்பாதைதான். 1938-இல் அதுவும் நின்றது. இன்று இரண்டுமே இல்லை.

மாசசூசெட்ஸ் வளைகுடாப் போக்குவரத்து ஆணையம், இங்குள்ளவர்கள் எல்லோரும் எம்.பி.டி.ஏ. என்று சொல்வது, 1973-இல் தென்புறப் பாதைகளையும் 1976-இல் வடபுறப் பாதைகளையும் வாங்கியது. உரிமையாளர் ஒருவரே ஆனார். தண்டவாளம் இரண்டாகவே நின்றது. வடக்கே ஃபிட்ச்பர்க், லோவெல், ஹேவரில், நியூபரிபோர்ட் - ராக்போர்ட் தடங்கள். தெற்கே வூஸ்டர், பிராவிடன்ஸ், ஃபிராங்க்ளின், நீடம், ஃபேர்மவுண்ட், கடலோரமாகப் போகும் ஓல்ட் காலனி தடங்கள்; 2025 மார்ச்சில் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு ஊர்களும் சேர்ந்தன. தடங்களும் கூட்டமும் தெற்கில்தான் அதிகம். பெரிய பணிமனையோ வடக்கே சோமர்வில்லில் இருக்கிறது. பாஸ்டன் எஞ்சின் டெர்மினல் என்று பெயர். எஞ்சினைப் பிரித்துப் போடுவது, பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதியைக் கழற்றி மாட்டுவது போன்ற கனத்த வேலைகளுக்கு அங்கேதான் போகவேண்டும். தெற்கு யார்டுகளில் அன்றாடச் சோதனையும் சுத்தமும் சிறு பழுதும் பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் வண்டி ஊரைத் தாண்டியாக வேண்டும்.

நோயாளி அதிகமாக இருக்கிற கரையில் ஆஸ்பத்திரி இல்லை. மற்ற எல்லாச் சிக்கலும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதுதான்.

இருக்கிற வழி: கிராண்ட் ஜங்ஷன்

நான் மேலே சொன்ன ஒற்றைத் தடத்தின் பெயர் கிராண்ட் ஜங்ஷன். 1850-களில், பாஸ்டனுக்கு வரும் ரயில் பாதைகளை எல்லாம் ஒன்றுசேர்த்துக் கிழக்கு பாஸ்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று போடப்பட்டது. பெயருக்கு ஏற்ற கனவு. இப்போது அது காலி ரேக்குகளும் கொஞ்சம் சரக்கும் போகிற தடம். சி.எஸ்.எக்ஸ். சரக்கு ரயில் கம்பெனியிடமிருந்து 2010-இல் மாநில அரசு இதை வாங்கிக்கொண்டது.

பயணம் எப்படி என்று பார்ப்போம். சவுத் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் காலி ரேக், வூஸ்டர் தடத்தில் மேற்கே ஆல்ஸ்டன் வரை போகிறது. கிராண்ட் ஜங்ஷன் தடம் மேற்குத் திசையைப் பார்த்துச் சேருவதால் நேராகத் திரும்ப முடியாது. வண்டி தாண்டிப் போய் நின்று, ஓட்டுநர் மறுமுனைக்கு மாறி, திசை திருப்பிக்கொண்டு வரவேண்டும். பிறகு சார்ல்ஸ் ஆற்றை ஒரு பழைய இரும்புப் பாலத்தில் கடக்கிறது. இந்த ரயில் பாலத்துக்கு நேர் மேலே, குறுக்காக, பாஸ்டன் பல்கலைக்கழகச் சாலைப் பாலம் போகிறது. படகுக்கு மேல் ரயில், ரயிலுக்கு மேல் கார் என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கலாம் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் இடம் அது. அக்கரையில் எம்.ஐ.டி. வளாகத்துக்குள் நுழைந்து, மூளை அறிவியல் துறைக் கட்டடத்தின் அடியிலேயே புகுந்து போகிறது. தடம் முதலிலேயே இருந்ததால் கட்டடத்தை அதன்மேல் பாலம்போல எழுப்பினார்கள். அதன்பின் மெயின் ஸ்ட்ரீட், பிராட்வே, கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரீட் என்று வரிசையாக லெவல் கிராசிங்குகள். எல்லாவற்றையும் மெதுவாகக் கடந்து சோமர்வில்.

முனையத்திலிருந்து பணிமனைவரை மொத்தத் தூரம் சுமார் 10 கிலோமீட்டர்தான். இதுதான் இந்த வழியின் பெரிய பலம். காலை நெரிசல் ஓய்ந்ததும் அனுப்பினால் மதியத்துக்குள் பணிமனையில் நிற்கும். ஒரே ஓட்டுநர் குழு, ஒரே ஷிஃப்ட். நல்ல நிலையில் இருக்கும் மாற்று ரேக்கை அதே வழியில் திருப்பி அனுப்பலாம். வடக்கே உபரியாக நிற்கும் எஞ்சினைத் தெற்கின் அவசரத்துக்கு அன்றைக்கே கொடுக்கலாம். இரு பாதிக்கும் சேர்த்து ஒரே உபரிக் கையிருப்பு வைத்துக்கொள்ள முடிவதும் இந்தத் தடத்தால்தான்.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. நார்த் ஸ்டேஷனிலிருந்து மெய்ன் மாநிலத்துக்கு ஓடும் டவுனீஸ்டர் ரயில், அமெரிக்காவின் நாடளாவிய பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் நடத்துவது. 2001-இல் தொடங்கியது. ஆம்ட்ராக்கின் பணிமனை தெற்கே சவுத்தாம்ப்டன் ஸ்ட்ரீட் யார்டில். ஆகவே எம்.பி.டி.ஏ. வண்டி வைத்தியத்துக்கு வடக்கே போகிறது. ஆம்ட்ராக் வண்டி அதே தண்டவாளத்தில் தெற்கே வருகிறது.

பலவீனம் என்ன? ஒற்றைத் தடம், ஒரே பாலம். 2012 நவம்பரில் அந்த ஆற்றுப் பாலத்தின் இரும்பு பலமிழந்திருப்பது தெரிந்து பழுதுபார்க்கத் தடத்தை மூடினார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கம்வரை காலி ரேக்குகள் சுற்றிக்கொண்டுதான் போயின. வூஸ்டர் தடமும் ஒரு சிக்கல். சவுத் ஸ்டேஷனுக்கும் ஆல்ஸ்டனுக்கும் இடையே எங்கள் பயணிகள் ரயில்கள் போகும் அதே இரண்டு தண்டவாளத்தில்தான் காலி ரேக்கும் இடம் பிடிக்கவேண்டும். அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கினால், அந்த நேரத்தில் ஒரு பயணிகள் ரயில் விடமுடியாது.

2010-இல் அன்றைய துணை ஆளுநர் டிம் மர்ரி, வூஸ்டர் ரயில்கள் சிலவற்றைப் பயணிகளோடு இந்தத் தடம் வழியாகவே நார்த் ஸ்டேஷனுக்கு விடலாம் என்று சொன்னார். அவர் வூஸ்டரின் முன்னாள் மேயர். கேம்பிரிட்ஜ்காரர்கள் லெவல் கிராசிங் நெரிசலைக் காட்டி எதிர்த்தார்கள். மாநிலம் ஆய்வு செய்து, பயன் போதாது என்று கைவிட்டது. இந்தத் தடத்தை ஒட்டிய கெண்டல் ஸ்கொயரில் வேலை பார்க்கும் எனக்கு அது வந்திருந்தால் ஒருமுறை ரயில் மாறுவது மிச்சமாகியிருக்கும். இருந்தாலும், அந்தக் கிராசிங்குகள் அப்படியே இருக்கும்வரை அந்த முடிவு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தடத்தை ஒட்டிச் சைக்கிள் பாதை போடும் திட்டத்தை கேம்பிரிட்ஜ் நகராட்சி கையிலெடுத்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் இரண்டாவது தண்டவாளத்துக்கு இடம் விட்டுத்தான் பாதை போடவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒருமுறை போன ரயில் இடம் திரும்பிக் கிடைத்ததாக இந்தப் பகுதியில் கதை குறைவு. ஃப்ராமிங்ஹாமிலிருந்து லோவெலுக்குப் போன பழைய பாதையின் பெரும்பகுதி இன்று ப்ரூஸ் ஃப்ரீமன் பாதை என்ற பெயரில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஆனது. நானே ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு அதில் சைக்கிள் விடுகிறேன். அது தடமாகவே இருந்திருந்தால் தெற்கையும் வடக்கையும் இணைக்கும் இன்னொரு குறுக்குவழி நம் கையில் இருந்திருக்கும் என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

சுற்றுவழி: வூஸ்டர் - அயர்

பாலம் மூடினால் என்ன செய்வார்கள்? சவுத் ஸ்டேஷனிலிருந்து மேற்கே 71 கிலோமீட்டர் போய் வூஸ்டர். அங்கிருந்து வடக்கே கிளிண்டன் வழியாகச் சரக்குத் தடத்தில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போய் அயர். அங்கிருந்து ஃபிட்ச்பர்க் தடத்தில் கிழக்கே 58 கிலோமீட்டர் வந்தால் பாஸ்டனின் வடபுறம். இரண்டு கிலோமீட்டர் இடைவெளியைத் தாண்ட 170 கிலோமீட்டருக்கு மேல்.

தூரத்தைவிட மோசம், நடுவில் இருக்கும் அந்த 45 கிலோமீட்டர் எம்.பி.டி.ஏ.வுக்குச் சொந்தமில்லை என்பது. முன்பு பேன் ஆம் ரயில்வேயிடம் இருந்தது, 2022-இல் சி.எஸ்.எக்ஸ். வாங்கிக்கொண்டது. அங்கே சிக்னல் போடுவது அவர்கள். நீண்ட சரக்கு ரயில் ஒன்று எதிரே வந்தால் காலி ரேக் ஒதுங்கி நிற்கவேண்டியதுதான். அமெரிக்கச் சட்டப்படி ஒரு ரயில் குழு தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஆகவே நடுவழியில் தாமதமானால் மாற்றுக் குழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கவேண்டும். அவ்வளவு பேர், அவ்வளவு டீசல், பயணி ஒருவரும் இல்லாத ஒரு ரயிலுக்காக. ஒரு நாள் முழுக்க அந்த ரேக் கணக்கிலும் இராது.

ஆனாலும் இதை முற்றாக ஒதுக்கிவிடக் கூடாது. எல்லா ரேக்கும் சவுத் ஸ்டேஷனிலிருந்தே புறப்பட வேண்டியதில்லை. வூஸ்டரில் இரவு தங்கும் ரேக்குகள் இருக்கின்றன. பணிமனைக்கு முறை வந்த ரேக்கை முந்தைய மாலையே வூஸ்டர் ஓட்டத்தில் போட்டு, பயணிகளை ஏற்றிக்கொண்டே அங்கே கொண்டுபோய்விட்டால், காலியாக ஓடும் தூரம் வூஸ்டரிலிருந்து மட்டும்தான். திட்டமிட்ட, அவசரமில்லாத இடமாற்றத்துக்கு இது நடக்கக்கூடிய வழி. நடுராத்திரியில் எஞ்சின் படுத்துவிட்டால் இதை நம்ப முடியாது. சி.எஸ்.எக்ஸ். உடன் நீண்டகால ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வருஷத்துக்குச் சில முறையாவது உண்மையாகவே ஓட்டிப் பழகவேண்டும். தடம் தெரிந்த ஓட்டுநர் இல்லாவிட்டால் ஒப்பந்தம் வெறும் காகிதம்.

லாரியில் ஏற்றிக் கொண்டுபோனால் என்ன என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு பெட்டி 26 மீட்டர் நீளம். எஞ்சின் 100 டன்னுக்கு மேல். கிரேன் வைத்துத் தூக்கி, சக்கரத் தொகுதியைத் தனியே ஏற்றி, போலீஸ் காவலோடு இரவில் போகவேண்டும். புதுப் பெட்டி வாங்கும்போதோ விபத்தில் நொறுங்கியதை அகற்றும்போதோ செய்யலாம். மாதாமாதம் செய்கிற வேலை இல்லை.

தெற்கிலேயே ஒரு பணிமனை

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. இதைப் பற்றித்தான் மக்கள் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். சுரங்கத்தைப் போல இதற்குப் படம் வரைந்து காட்ட முடியாது. பிட் லைன் (வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பள்ளம் வைத்த தடம்), கிரேன், சக்கரம் கடையும் எந்திரம், ஒரு பெரிய கொட்டகை. யாருக்கும் நாடா வெட்ட ஆசை வராது.

சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயம் சொல்லாமலே புரியும். 1931-இல் மின்மயமான கடற்கரை - தாம்பரம் பாதை மீட்டர் கேஜ். சென்ட்ரல் பக்கத்திலிருந்து ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி போகிறவை பிராட் கேஜ். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடக்கிற தூரம்தான். ஆனால் இந்தப் பக்கத்துப் பெட்டியை அந்தப் பக்கம் ஓட்ட வழியே இல்லை. ஆகவே தாம்பரத்தில் ஒரு மின்ரயில் ஷெட், ஆவடியில் ஒரு மின்ரயில் ஷெட் என்று இரண்டு வைத்தார்கள். 2004-இல் மீட்டர் கேஜ் மின்ரயில் நின்று, எல்லாம் பிராட் கேஜ் ஆன பிறகும் இரண்டு ஷெட்டுகளும் தொடர்ந்தன. முதலில் கட்டாயத்துக்காகச் செய்தது பிறகு வசதியாகவும் இருந்தது.

நியூயார்க்கில் இன்னொரு விதம். லாங் ஐலண்ட் ரயிலும் மெட்ரோ-நார்த் ரயிலும் ஒரே அரசு அமைப்பின் கீழ். இரண்டும் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. ஒன்று அதன் மேற்புறத்தைத் தொட்டு எடுக்கிறது, மற்றது அடிப்புறத்தைத் தொட்டு எடுக்கிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தாலேயே வண்டிகளைக் கலந்து ஓட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பணிமனை இருக்கிறது.

பாஸ்டனின் நிலை இவை இரண்டிலிருந்தும் மாறுபட்டது. இங்கே தண்டவாள அகலம் ஒன்று, எஞ்சின் வகை ஒன்று, பெட்டி வகை ஒன்று. வண்டியை மாற்ற முடிகிறது என்பதாலேயே இரண்டாவது பணிமனையின் தேவை தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே வந்தது. மெல்லிய ஒரு நூல் அறுந்துபோகாமல் இருந்ததால், கயிறு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தெற்கில் இடமே இல்லையா? நியூ ஹேவன் கம்பெனி காலத்தில் பாஸ்டனின் தென்கோடியிலுள்ள ரெட்வில்லில் பெரிய பணிமனையே இருந்தது. கம்பெனி நொடித்தபின் அது போயிற்று. இன்று அங்கே ரேக்குகள் இளைப்பாறும் யார்டு இருக்கிறது. சவுத் ஸ்டேஷனுக்கு அருகே விடெட் சர்க்கிள் என்ற நிலத்தை 2023-இல் எம்.பி.டி.ஏ. 25 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பகலில் ரேக்குகளை நிறுத்திவைக்க அது வேண்டும் என்று. நிறுத்துவதற்கே அவ்வளவு கொடுக்கிறோம் என்றால், பழுதுபார்க்கும் இடத்துக்கும் செலவழிக்கக் கணக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. தெற்கிலுள்ள ஃபேர்மவுண்ட் தடத்தில் டீசலை விட்டுவிட்டு பேட்டரி மின்ரயில் ஓட்டும் திட்டத்துக்கு 2024-இல் எம்.பி.டி.ஏ. வாரியம் ஒப்புதல் கொடுத்தது. அந்த வண்டிக்கு வேண்டிய கருவிகள் வேறு, பயிற்சி வேறு, கூரைமேல் ஏறிப் பார்க்கும் மேடைகள் வேறு. தெற்கில் மட்டுமே ஓடப்போகிற புதுவகை ரயிலை, கிராண்ட் ஜங்ஷன் வழியாக ஆற்றைத் தாண்டி அனுப்பிப் பராமரிப்பதில் எந்த அர்த்தமும் எனக்குப் படவில்லை.

செலவு உண்டு. கட்டடத்தைவிட ஆட்கள்தான் பெரிய செலவு. சக்கரம் கடைய ஒரு எந்திரம் வடக்கே முழுநேரமும் ஓடவில்லை என்றால், தெற்கே இன்னொன்று வாங்கி இரண்டையும் அரைநேரம் ஓட்டுவது வீண் என்று கணக்காளர்கள் சொல்வார்கள். நியாயமான வாதம். உதிரிபாகங்களையும் இரண்டு இடத்தில் அடுக்கவேண்டும். ஆகவே சோமர்வில்லின் நகலாக ஒன்றைக் கட்டச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் முழு மறுசீரமைப்பு வடக்கேயே நடக்கட்டும். அடிக்கடி வருகிற வேலைகளான சக்கரம், பிரேக், குளிர்சாதனம், எஞ்சினின் காலமுறைச் சோதனை ஆகியவை தெற்கே முடியட்டும். அப்படிச் செய்தால் ஆற்றைக் கடக்கும் வண்டிகள் வெகுவாகக் குறையும். கடக்கிறவையும் தேதி குறித்துக் கடக்கும், அவசரத்துக்கு ஓடா.

2014-15 குளிர்காலத்தை இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மொத்தம் 9 அடிக்கு மேல் பனி கொட்டியது. எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன, அட்டவணை சில வாரங்களுக்கு வெறும் பெயருக்கு இருந்தது. அப்படியொரு நாளில் தண்டவாளத்தில் பனியை அள்ளுவதா, பழுதான வண்டியை ஊர் தாண்டி இழுத்துக்கொண்டு போவதா என்ற நிலை வரும். கூப்பிடு தூரத்தில் ஒரு கொட்டகை இருந்தால் அங்கே தள்ளிவிட்டுப் பழுதுபார்த்து மறுநாளே வெளியே எடுக்கலாம்.

சுரங்கம்

வடக்கையும் தெற்கையும் நகரின் அடியில் நேராக இணைத்துவிடலாம் என்பது நூறாண்டுக் கனவு. நெடுஞ்சாலையைப் பூமிக்குள் புதைத்த பிக் டிக் திட்டத்தின்போதே அதன் அடியில் ரயிலுக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்று முன்னாள் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் போராடினார். நெடுஞ்சாலை மட்டும் வந்தது. 2006-இல் மாநிலம் ரயில் இணைப்பின் சுற்றுச்சூழல் ஆய்வை நிறுத்தியது. பிறகு மறுபடி உயிர்பெற்று, 2017-இல் ஹார்வர்டு கென்னடி ஸ்கூலில் நடந்த ஓர் ஆய்வு 380 கோடி முதல் 590 கோடி டாலர்வரை ஆகும் என்றது. அடுத்த ஆண்டே மாநில அரசின் மறுஆய்வு 1,230 கோடி முதல் 2,150 கோடி டாலர்வரை என்றது. எந்தெந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பது, எந்த ஆண்டின் விலையில் கணக்கிடுவது என்பதிலேயே இருவரும் வேறுபட்டார்கள்.

ஃபிலடெல்பியா இதைச் செய்துகாட்டிய ஊர். அங்கேயும் பென்சில்வேனியா கம்பெனி ஒரு பக்கம், ரெடிங் கம்பெனி ஒரு பக்கம் என்று வலை இரண்டாகக் கிடந்தது. 1984 நவம்பரில் நான்கு தடச் சுரங்கம் திறந்து இரண்டையும் தைத்தார்கள். நீளம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. முனையத்தில் வந்து நின்று திரும்பிக்கொண்டிருந்த ரயில்கள் ஊரைத் துளைத்து மறுபக்கம் போயின. எந்த ரேக்கும் எந்தப் பணிமனைக்கும் போகலாம் என்பது தானாகவே கிடைத்த கூடுதல் பலன்.

அங்கே நடந்ததும் இங்கே நடக்காததும் ஏன் என்று கேட்டால் ஒரு பெரிய காரணம் மின்சாரம். ஃபிலடெல்பியாவில் இரு கம்பெனிகளின் புறநகர்த் தடங்களில் பெரும்பாலானவை 1930-களுக்குள்ளாகவே மின்மயமாகியிருந்தன. பாஸ்டனில் பிராவிடன்ஸ் வழியாகப் போகும் ஆம்ட்ராக் பாதையில் மட்டும் மின்கம்பி இருக்கிறது. அதன் கீழேயும் எம்.பி.டி.ஏ. டீசல் எஞ்சின்தான் ஓட்டுகிறது. ஆழச் சுரங்கத்தின் செங்குத்தான சரிவிலும் புகையடைத்த நிலத்தடி ஸ்டேஷனிலும் டீசல் ரயில் ஓட்டமுடியாது. ஆகவே சுரங்கம் என்றால் கூடவே மின்மயமாக்கலும் புது வண்டிகளும் வந்தாகவேண்டும். இன்று நார்த் ஸ்டேஷனிலிருந்து ஓடும் எந்த ரேக்கும் அதற்குள் தானாக நுழைய முடியாது.

நான் சுரங்கத்துக்கு எதிரி இல்லை. ஃப்ராமிங்ஹாமில் ஏறி சேலத்தில் (மாசசூசெட்ஸ் சேலம், நம்மூர்ச் சேலம் அல்ல) இறங்கலாம் என்ற நாள் வந்தால் முதல் டிக்கெட் எடுக்க நான் நிற்பேன். ஆனால் அதைப் பயணிகளின் பலனை வைத்து எடைபோட வேண்டும். காலி வண்டியைப் பணிமனைக்கு அனுப்பும் பிரச்சினைக்குத் தீர்வு என்று சுரங்கத்தை விளம்பரப்படுத்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆயிரம் கோடி டாலருக்கு மேல் செலவழிக்கவேண்டிய, எப்போது தொடங்கும் என்றே சொல்லமுடியாத ஒன்றைக் காட்டி, சில ஆண்டுகளில் கட்டிவிடக்கூடிய கொட்டகையைத் தள்ளிப்போட அது சாக்காகிவிடுகிறது.

இப்போது ஏன் அவசரம்

ஆல்ஸ்டனில், கிராண்ட் ஜங்ஷன் வூஸ்டர் தடத்தோடு சேரும் அதே இடத்தில், மாசசூசெட்ஸ் டர்ன்பைக் நெடுஞ்சாலையின் பழைய மேம்பாலத்தை இடித்துத் தரைமட்டத்துக்குக் கொண்டுவரும் திட்டம் இருக்கிறது. 2021-இல் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே தொண்டைபோலக் குறுகிய நிலத்தில் நெடுஞ்சாலை, ஆற்றோரச் சாலை, நடைபாதை, வூஸ்டர் தடம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். அவற்றைக் குறுக்கே தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு ஏறவேண்டிய கிராண்ட் ஜங்ஷன் தடத்தையும் மாற்றிக் கட்டியாகவேண்டும். கட்டும் காலத்தில் தடம் நெடுநாள் மூடப்படலாம் என்ற கவலை திட்டப் பேச்சு தொடங்கியதிலிருந்தே இருக்கிறது. 2012-இல் சில வாரங்கள் சமாளித்தார்கள். ஆண்டுக்கணக்கில் 170 கிலோமீட்டர் சுற்றுவது வேறு விஷயம்.

ஆகவே என் வரிசை இது. முதலில் தெற்கில் பணிமனை. அது இயங்கத் தொடங்கிய பிறகே ஆல்ஸ்டனில் கிராண்ட் ஜங்ஷனைத் துண்டிக்கவேண்டும். துண்டித்திருக்கும் காலத்துக்கு மட்டும் வூஸ்டர் - அயர் வழி, எழுத்து ஒப்பந்தத்தோடு. மறுபடி கட்டும்போது கிராண்ட் ஜங்ஷனை இப்போதிருக்கும் அளவிலேயே கட்டிவிடாமல், பின்னாளில் இரண்டாவது தண்டவாளம் போட இடம்விட்டுப் பாலத்தை அகலமாக எழுப்பவேண்டும். தெற்கில் பணிமனை வந்துவிட்டால் இந்தத் தடம் தேவையில்லை என்று யாரேனும் சொல்வார்கள்; ஒப்புக்கொள்ளக் கூடாது. டவுனீஸ்டர் வண்டிகளுக்கு அதுதான் வழி. வடக்கின் உபரி எஞ்சின் தெற்குக்கு வரவும் அதுதான் வழி. சுரங்கம் தனிக்கணக்கு, தனி வாக்கெடுப்பு.

இந்த வரிசையில் எனக்கே உறுதியில்லாத இடம் ஒன்று உண்டு: ரெட்வில்லா, விடெட் சர்க்கிளா, வேறிடமா என்பது. ரெட்வில்லில் இடம் தாராளம், ஆனால் சுற்றிலும் வீடுகள். இரவெல்லாம் டீசல் எஞ்சின் உறுமுவதை அங்குள்ளவர்கள் ஏற்கெனவே பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். விடெட் சர்க்கிள் முனையத்துக்குப் பக்கம், வீடுகள் குறைவு, ஆனால் கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பிட் லைன்தான். மனம் ரெட்வில் பக்கமே சாய்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பணிமனைக்குள் நிற்கும் எஞ்சின்களை அணைத்துவிட்டு வெளிமின்சாரத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். அந்தத் தெருவில் தூங்குகிறவர்களும் இந்த ரயிலில் போகிறவர்கள்தான்.